சிறிய திரையில் தமிழ்ச் செயலி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பால் கொள்முதல் நிலையம், நகைக்கடன் கடை, மளிகை மொத்த வியாபாரம் போன்ற சிறு தொழில்களுக்காகத் தமிழில் இயங்கும் கைபேசிச் செயலிகளின் திரைகளைச் சரிசெய்து தருவது என் வேலை. செயலி மாறும், ஊர் மாறும். வருகிற புகார்கள் மட்டும் ஏறத்தாழ அதே எட்டுதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேட வேண்டாம் என்பதற்காக எனக்கென்று எழுதி வைத்திருந்த குறிப்புகளே இவை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வரும். அந்த வரிசையைத் தாண்டாமல் பாருங்கள். வடிவமைப்பையே அடியோடு மாற்ற வேண்டும் என்று சொல்லி என்னிடம் வந்த செயலிகளில் பெரும்பாலானவை ஒரு சொல்லையோ ஓர் உயர அளவையோ மாற்றியதிலேயே தேறியிருக்கின்றன.

தொடங்கும் முன்: எந்தப் பேசியில் பார்க்கிறீர்கள்?

கணினித் திரையில் சிறிய சட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று சொல்வதில் பொருளில்லை. 720 × 1600 புள்ளிகள் கொண்ட விலை குறைந்த ஆண்ட்ராய்டு பேசி ஒன்றைக் கையில் எடுங்கள். இத்தகைய பேசிகளில் செயலிக்குக் கிடைக்கும் அகலம் பெரும்பாலும் 360 அலகுதான் (புள்ளிகள் எத்தனை நெருக்கமாக இருந்தாலும் திரையில் ஏறத்தாழ ஒரே பருமனில் நிற்கும் ஆண்ட்ராய்டு அளவு இது; ஆங்கிலத்தில் dp). அதில் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவையும் காட்சி அளவையும் உச்சத்துக்கு ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கிக்கொள்ள முடியும். ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பேசிகளில் அந்த அமைப்பைப் பிள்ளைகள் யாராவது ஏற்றி வைத்திருப்பார்கள். காட்சி அளவையும் சேர்த்து ஏற்றினால் கிடைக்கும் அகலம் 360க்கும் கீழே இறங்கிவிடும்.

சோதனைக்கு இடும் விவரங்களும் மெய்யானவையாக இருக்க வேண்டும். "பெயர் 1", "ரூ. 100" என்று இட்டுப் பார்க்கும் திரை எப்போதும் அழகாகவே இருக்கும். மீனாட்சிசுந்தரம், திருவண்ணாமலை, ரூ. 1,24,350.50 ஆகிய மூன்றையும் இட்டுப் பாருங்கள்.

அறிகுறி 1: எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது

"கீ"யின் சுழியும் "ம்"மின் புள்ளியும் மேலே மறைகின்றன, அல்லது "று", "மூ", "ஞ" ஆகியவற்றின் அடிப்பகுதி கோட்டுக்குக் கீழே காணாமல் போகிறது. இதை அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது. புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிச் சொல்லே மாறிவிடும்.

முதல் சோதனை: அந்தச் சொல்லை நகலெடுத்துப் பேசியிலுள்ள குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் முழுதாக வந்தால் வெட்டுவது திரை. இதே தலைப்பில் தொடருங்கள். அங்கேயும் புள்ளி இல்லையென்றால் வெட்டியது தரவு. நேராக அறிகுறி 2இன் மூன்றாம் கிளைக்குப் போங்கள்.

உயரம் இறுக்கப்பட்டிருக்கிறதா? பொத்தானுக்கோ அட்டவணை வரிக்கோ "உயரம் 40" என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். ரோமன் எழுத்துக்கு அது போதும். மேலே சுழியும் கீழே காலும் உள்ள தமிழுக்கு, அதிலும் பெரிதாக்கிய எழுத்துக்கு, போதாது. நிலையான உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் 48 என்று மட்டும் கொடுத்து, மேலும் கீழும் வெளி விடுங்கள். இந்த அறிகுறியோடு வந்தவற்றில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும்.

வரி இடைவெளி எவ்வளவு? எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்றிருந்தால் அதை 1.5 அல்லது 1.6 ஆக்குங்கள். முழுப் பத்தியில் மேல் வரியின் கால் கீழ் வரியின் சுழியோடு உரசுகிறதா என்று பார்க்க, "ஞாயிறு, மூழ்கி, நூறு, கீழ், ஸ்ரீ" என்ற சொற்களை இரண்டு வரியாக அடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

எழுத்துரு இரண்டாகக் கலந்திருக்கிறதா? செயலியில் இணைத்த அழகிய எழுத்துருவில் தமிழே இல்லாமல் போனால், பேசி தன்னிடமுள்ள நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். எண்கள் ஓர் எழுத்துருவிலும் எழுத்துகள் வேறோர் எழுத்துருவிலும் வந்து, ஒரே வரியில் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் உட்காரும். தமிழும் எண்களும் ஒன்றாக உள்ள ஒரே எழுத்துருவைக் கொடுங்கள். சாய்வெழுத்து இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பேசி தானாகச் சாய்த்த தமிழ், காற்றில் சாய்ந்த பந்தலைப் போல இருக்கிறதே ஒழிய எதையும் வலியுறுத்துவதில்லை.

புதிய ஆண்ட்ராய்டில் மட்டும் வரிகள் உயர்ந்துவிட்டனவா? இது செயலியின் பிழையாகத் தோன்றும் தளத்தின் மாற்றம். இந்திய மொழிகளுக்கெனப் பல ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு ஒரு நெருக்கிய எழுத்துருவை இடைமுகத்தில் பயன்படுத்தி வந்தது. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்துத் தொகுக்கப்படும் செயலிகளில் முழு உயர எழுத்துருவே இயல்பாக வரும். 16ஐ இலக்காக வைத்தால் பழையபடி நெருக்கிக்கொள்ளும் விசையையே அது பொருட்படுத்தாது. பாதிக்கப்படும் எழுத்து வகைகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. இதை எதிர்த்துப் போராடாமல், திரைகள் உயரமாவதற்கு இடம் கொடுத்துவிடுவதே அறிவு.

எப்போது நிபுணரை அழைப்பது: நிறுவனத்துக்கென்று தனியாக வடிவமைத்த தமிழ் எழுத்துருவில் மட்டும் வெட்டு வருகிறது, மற்ற எழுத்துருக்களில் வரவில்லை என்றால், அந்த எழுத்துருவுக்குள்ளே பதிந்த மேல், கீழ் அளவுகள் தவறு. எழுத்துரு வடிவமைப்பாளரைத் தவிர வேறு யாரும் அதைத் திருத்த முயலக் கூடாது.

அறிகுறி 2: சொல் பாதியில் நிற்கிறது

கிளை 1: பொத்தானில் மூன்று புள்ளிகள்

"சமர்ப்பிக்க..." என்று நின்றுபோன பொத்தானை அகலமாக்குவதற்கு முன் அந்தச் சொல்லைப் பாருங்கள். "சமர்ப்பிக்கவும்" என்பதற்கு "அனுப்பு" போதும். "பரிவர்த்தனை வரலாறு" என்பதற்கு "வரவு செலவு" போதும். "ஒருமுறை கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்" என்ற நீண்ட வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் காலக்கெடுவே முடிந்துவிடும். மக்கள் வாயில் புழங்குவது "ஓடிபி". இந்த இடத்தில் தனித்தமிழ் ஆர்வலர்களோடு எனக்குச் சிறு பிணக்கு உண்டு. அச்சில் படிக்கும் கட்டுரைக்கும், ஒரு கையில் பால் கேனைப் பிடித்தபடி தொடும் பொத்தானுக்கும் ஒரே சொல்வளம் பொருந்தாது.

"சேமி", "அனுப்பு", "நீக்கு" என்று எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்கிறது என்ற மறுப்பு ஏறத்தாழ ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் வருகிறது. பொத்தான் என்பது பயனர் பேசிக்கு இடும் கட்டளை. பேசியை யாரும் "நீங்கள்" என்று அழைப்பதில்லை. பேசி பயனரிடம் சொல்லும் வரிகளில்தான் "எண்ணைச் சரிபாருங்கள்", "சற்றுப் பொறுங்கள்" என்ற மரியாதை கட்டாயம் வேண்டும். இந்தப் பிரிப்பைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சொல்லைக் குறைத்தும் இடம் போதவில்லையென்றால், அருகருகே நிற்கும் இரண்டு பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக முழு அகலத்தில் அடுக்குங்கள். அப்போதும் போதவில்லையென்றால் இரண்டு வரியாக மடிய விடுங்கள். எழுத்தைச் சிறிதாக்குவது மட்டும் வேண்டாம். பொத்தானில் 14க்குக் கீழும் படிக்கும் உரையில் 16க்குக் கீழும் நான் இறங்குவதில்லை.

கிளை 2: சொல் உடைந்து ஒற்றை எழுத்து அடுத்த வரிக்கு விழுகிறது

"பட்டுவாடாவுக்கா" என்று ஒரு வரியும் "ன" என்று மறு வரியும் வந்தால், முதலில் அந்தப் பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அறிவிக்காத பக்கத்தில் உலாவி சரியான இடத்தில் மடிப்பதற்கு வழியில்லை. செய்தித்தாளில் சொல்லை வரி முடிவில் இணைகோடு இல்லாமலே உடைத்துப் படிக்கப் பழகியவர்கள் நாம். ஆகவே நீண்ட உரையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தலைப்பிலும் பொத்தானிலும் மட்டும் சொல்லைப் பிரித்து எழுதுங்கள்: "பட்டுவாடாவுக்கான தேதி" என்பதைப் "பட்டுவாடா தேதி" என்றால் முடிந்தது.

கிளை 3: கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்துவிட்டது

பெயர்க் கட்டத்தில் மீனாட்சிசுந்தரம் என்று அடித்தவருக்கு ரசீதில் "மீனாட்சிசுந்தரம" என்று வருகிறது. நாம் படிக்கும்போது அந்தப் பெயரில் ஒன்பது எழுத்துகள். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடு எண்ணும்போது பதினாறு: "மீ" என்பது ஒன்றல்ல, "ம" என்ற குறியும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டு; "ம்" என்பது "ம" ஒன்றும் புள்ளி ஒன்றும். கட்டத்துக்கு 15 என்று உச்ச வரம்பு வைத்திருந்தால் பதினாறாவதாக வரும் புள்ளி மட்டும் வெளியே நிற்கும்.

முதலில் கட்டத்தின் வரம்பைத் தாராளமாக்குங்கள். பெயருக்கு 100 வைப்பதால் யாருக்கும் நட்டமில்லை. திரையில் சுருக்கிக் காட்ட வேண்டிய இடங்களில், குறிகளை எண்ணி வெட்டும் நிரல் வரியை நீக்கி, பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கொத்துகளை எண்ணி வெட்டும் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து தரவுத்தளம்: யூனிகோடு குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆவதால், இந்த ஒரே பெயர் 48 பைட்டுகளைப் பிடிக்கும். பைட்டுக் கணக்கில் வரம்பு வைத்த பழைய அட்டவணைகள் இங்கேதான் சிக்கும். குறுஞ்செய்தியில் தமிழ் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ரோமன் எழுத்தில் 160 கிடைக்கும் என்று திட்டமிட்ட ரசீது, தமிழில் மூன்று செய்தியாகப் பிரிந்து கட்டணத்தையும் மும்மடங்காக்கும்.

எப்போது நிபுணரை அழைப்பது: தரவுத்தளத்தின் அகலத்தை மாற்ற வேண்டும் என்று தெரிந்த உடனே. ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளின் மீது கை வைக்கும் வேலை அது. நகல் எடுக்காமல் தொடக் கூடாது.

கிளை 4: சொல் முழுதாக இருக்கிறது, வாக்கியம்தான் உடைந்திருக்கிறது

"முருகன்க்கு ரூ. 500 அனுப்பப்பட்டது." பெயரை எடுத்து அதன் பின்னால் "க்கு" என்று ஒட்டிய நிரலின் வேலை இது. எல்லாப் பெயர்களுக்கும் வேற்றுமை உருபைச் சரியாகப் புணர்க்கும் நிரலை எழுத முனைந்து நான் இரண்டு வாரம் வீணாக்கியிருக்கிறேன். "பெறுபவர்: முருகன். தொகை: ரூ. 500" என்று மாற்றினால் புணர்ச்சியே தேவைப்படாது. நேரத்திலும் இப்படியொரு சிக்கல் உண்டு: தமிழ் அமைப்பில் பேசி தானாகத் தரும் "பிற்பகல் 5:40" என்பது இடத்தையும் அடைக்கிறது, பேச்சுக்கும் ஒட்டவில்லை. பால் ஊற்றுவது காலை, மாலை என்ற இரண்டே வேளை என்னும்போது அந்த இரண்டு சொற்களையே கையால் எழுதிவிடலாம்.

அறிகுறி 3: தொட்டால் சரியாக விழவில்லை

கிளை 1: தொட்டது ஒன்று, விழுந்தது வேறு

ஒரு கொள்முதல் நிலையத்தின் செயலியில் ஒவ்வொரு பதிவுக்கும் வலது ஓரத்தில் பென்சிலும் குப்பைத்தொட்டியும் ஒட்டிக்கொண்டு நின்றன. கொழுப்பு அளவைத் திருத்தப் போன செயலாளர் அம்மா ஒரே காலை வேளையில் நான்கு பேரின் பதிவுகளை அழித்துவிட்டார். "தம்பி, என் விரல் தடி, போன் சின்னது" என்று பழியைத் தன் மீதே போட்டுக்கொண்டார். இரண்டு சின்னங்களும் தலா 24 அலகு, இடைவெளி 4. யார் விரலும் அங்கே தவறத்தான் செய்யும்.

ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடும் பரப்புக்கு 48 × 48 அலகு கேட்கிறது. ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர். ஆப்பிள் 44 × 44 என்கிறது. 2023இல் வெளிவந்த இணைய அணுகல் நெறி 2.2 குறைந்தபட்சம் 24 என்று சொல்வதைக் காட்டி அதிலேயே நின்றுவிட விரும்புகிறவர்கள் உண்டு. அது தரைமட்டம், இலக்கு அல்ல. சின்னத்தின் படத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை, அதைச் சுற்றித் தொடக்கூடிய வெளியை மட்டும் 48 ஆக்கலாம். பேசியின் டெவலப்பர் அமைப்பில் தளவமைப்பு எல்லைக் கோடுகளைக் காட்டும் விசையைப் போட்டால் ஒவ்வொன்றின் மெய்யான பரப்பும் கோட்டுச் சித்திரமாகத் தெரியும். கூகுள் இலவசமாகத் தரும் அக்சஸிபிலிட்டி ஸ்கேனர் செயலியும் சிறிய பரப்புகளைத் தானே வட்டமிட்டுக் காட்டிவிடும்.

அடுத்தது இடம். அழிக்கும் பொத்தானைத் திருத்தும் பொத்தானின் பக்கத்து வீட்டில் குடிவைக்காதீர்கள். பதிவைத் திறந்த பிறகு உள்ளே வையுங்கள். அழித்த உடன் சில நொடிகள் "திரும்பக் கொண்டுவா" என்று ஒரு வழி விடுங்கள். "நிச்சயமாக நீக்கவா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பதைவிட இது பயனுள்ளது, நாளுக்கு அறுபது முறை கேட்கப்படும் கேள்விக்கு விரல் தானாகவே "ஆம்" சொல்லப் பழகிவிடும்.

கிளை 2: தொட்டும் ஒன்றும் நடக்கவில்லை

பெரும்பாலும் ஏதோ நடக்கிறது, காட்டத்தான் இல்லை. விரலை எடுப்பதற்குள் பொத்தானின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், வலையமைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் பொத்தானிலேயே "அனுப்புகிறது" என்று எழுத்து மாற வேண்டும். மாறவேயில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத வேறோர் அடுக்கு மேலே படுத்திருக்கிறதா என்று அதே எல்லைக் கோடுகளில் தேடுங்கள். மறைத்து வைத்த விளம்பரப் பட்டையும் மூட மறந்த அரைகுறைச் சாளரமும் இங்கே வழக்கமான குற்றவாளிகள்.

திரையின் இடது, வலது ஓரத்தில் மட்டும் விழவில்லை என்றால் காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 10இல் வந்த சைகை முறையில் இரண்டு ஓரமும் "பின்செல்" சைகைக்கு உரியவை. ஓரத்திலிருந்து இழுக்கும் பட்டியலும் ஓரத்தை ஒட்டிய நழுவுபட்டையும் அதோடு மோதும். அவற்றை உள்ளே நகர்த்துங்கள்.

கிளை 3: ஒரு தொடுகைக்கு இரண்டு முறை நடக்கிறது

பட்டுவாடா இருமுறை போய்விட்டது என்ற புகார் வந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். முதல் தொடுகையிலேயே பொத்தான் செயலிழக்க வேண்டும். அது அரைமணி நேர வேலை. ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. வலையமைப்பு அறுந்து செயலி தானே மீண்டும் அனுப்பினாலும் இரண்டாவதை ஏற்காதபடி வழங்கி (சர்வர்) ஒவ்வோர் அனுப்புதலையும் தனி எண்ணால் அடையாளம் காண வேண்டும்.

எப்போது நிபுணரை அழைப்பது: பணம் தொடர்பான இரட்டிப்பு ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும். திரையைச் சரிசெய்துவிட்டுத் தப்பித்தோம் என்று இருக்காதீர்கள்.

அறிகுறி 4: விசைப்பலகை வந்ததும் பொத்தான் காணாமல் போகிறது

தமிழ் விசைப்பலகை, அதன் மேல் சொல் பரிந்துரைப் பட்டை, இரண்டும் சேர்ந்து சிறிய திரையில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். "அடுத்து" பொத்தான் அதன் அடியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பின்செல் விசையை அழுத்தி, படிவத்தை விட்டே வெளியேறிவிடுவார்கள்.

திரை நகர்கிறதா என்று முதலில் விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் படிவத்தை உருளும் பரப்புக்குள் வையுங்கள். நகர்ந்தும் பொத்தான் வரவில்லையென்றால், விசைப்பலகை வரும்போது திரை சுருங்க வேண்டும் என்ற அமைப்பு செயலியில் இல்லை. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்தபின் தொடங்கிய சிக்கல் என்றால், செயலி இப்போது கட்டாயமாக விளிம்பு முதல் விளிம்பு வரை வரையப்படுகிறது. விசைப்பலகையின் உயரத்தைக் கேட்டு வாங்கி வெளி விடும் பொறுப்பு செயலியுடையது.

உலாவியில் இயங்கும் பக்கமாக இருந்தால்: குரோம் 108 முதல் விசைப்பலகை வந்தாலும் பக்கத்தின் தளவமைப்பு சுருங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே சுருங்கும். அடியில் ஒட்டவைத்த பொத்தான் அதனால்தான் மறைகிறது. பக்கத்தை எந்த அளவில் வரைய வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வது, பக்க நிரலின் தலைப்பகுதியிலுள்ள வியூபோர்ட் குறி. அதில் உள்ளடக்கத்தைச் சுருக்கச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தால் குரோமில் தீரும். ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகித் துள்ளினால், அந்தக் கட்டத்தின் எழுத்தளவு 16க்குக் கீழே இருக்கிறது; 16 ஆக்குங்கள், துள்ளல் நிற்கும்.

அறிகுறி 5: வெயிலில் ஒன்றும் தெரியவில்லை

பேசியின் ஒளியை ஏற்றச் சொல்வதற்கு முன் செயலியின் சாம்பல் எழுத்தைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பலின் வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு) 3க்கும் குறைவு. மேலே சொன்ன இணைய அணுகல் நெறி கேட்பது 4.5. #767676 அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டும், #595959 ஏழைத் தொடும். வயலிலோ வாசலிலோ பயன்படுத்தும் செயலிக்கு நான் ஏழிலிருந்துதான் தொடங்குகிறேன். தமிழில் இதற்குக் கூடுதல் காரணமுண்டு: சாம்பல் வெளிறும்போது முதலில் மறைவது புள்ளியும் சுழியும். மெல்லிய தடிமன் கொண்ட எழுத்துருவையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். நிலுவைக்குச் சிவப்பு, செலுத்தியதற்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பியிருந்தால், பக்கத்தில் "பாக்கி", "கொடுத்தாச்சு" என்று சொல்லையும் எழுதுங்கள்.

அறிகுறி 6: படிவத்தைப் பாதியில் விட்டுப் போகிறார்கள்

எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், மூன்று பேர் நிரப்புவதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

பெயரில் நிற்கிறார்களா? முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டாவதைக் கட்டாயமாக்கியிருப்பீர்கள். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுபவர் அங்கே என்ன இடுவார்? அப்பா பெயரையா, ஊர்ப் பெயரையா, ஓர் ஒற்றை எழுத்தையா? ஓரெழுத்தை இட்டால் "குறைந்தது 2 எழுத்துகள் தேவை" என்று சிவப்பில் வரும். ஒரே கட்டம் வைத்து, "ஆதாரில் உள்ளபடி பெயர்" என்று மேலே எழுதுங்கள்.

பிறந்த தேதியில் நிற்கிறார்களா? இன்றைய மாதத்தில் திறக்கும் நாட்காட்டியில் 1968க்குப் போக எத்தனை முறை தள்ள வேண்டும் என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண் கட்டங்கள் போதும்.

எண் கேட்கும் இடத்தில் எழுத்து விசைப்பலகை வருகிறதா? கைபேசி எண், அஞ்சல் குறியீடு, தொகை, ஓடிபி ஆகிய எல்லாவற்றுக்கும் எண் பலகை வரும்படி கட்டத்தின் வகையை மாற்றுவது ஒரு வரி வேலை.

ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால் எல்லாம் அழிந்துவிடுகிறதா? நினைவகம் குறைந்த பேசிகளில் செயலியைப் பின்னணியில் ஆண்ட்ராய்டு மூடிவிடுவது சாதாரணம். நிரப்பியதை அவ்வப்போது சேமித்து வைப்பது நிரலாளரின் வேலை. இதற்கு முன்னுள்ளவற்றைவிடச் செலவு அதிகம். பிழைச் செய்தி பக்கத்தின் உச்சியில் வந்து, தவறான கட்டம் கீழே மறைந்திருப்பதையும் இதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 7: பக்கம் இடவலமாக ஆடுகிறது, அல்லது எழுத்து எறும்பாகத் தெரிகிறது

எறும்பாகத் தெரிந்தால் வியூபோர்ட் குறியே இல்லை; உலாவி அதைக் கணினிப் பக்கம் என்று எண்ணி 980 அலகு அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டுகிறது. பேசியின் அகலத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் குறியை இடுங்கள். ஆடினால் ஏதோ ஒன்று அகலத்தை மீறி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அட்டவணை, சில வேளை உடையாத நீண்ட சொல். அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையாக மாற்றுங்கள்: மேலே பெயர், கீழே லிட்டர், கொழுப்பு, தொகை.

அறிகுறி 8: "எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை"

இது கடைசியில் இருப்பதற்குக் காரணம், மேலே உள்ள ஏழில் ஏதாவது ஒன்று இந்தப் புகாராக வேடமிட்டு வருவதுதான். ஏழையும் பார்த்த பிறகே இங்கே வாருங்கள்.

சின்னங்களுக்குப் பெயர் இருக்கிறதா? பல்சக்கரம், புனல், மூன்று கோடு ஆகியவை என்னவென்று நமக்குத் தெரியும், புனல் சின்னத்தைக் காட்டி "எண்ணெய் ஊத்துறதா?" என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சின்னத்தின் கீழும் ஒரு சொல் எழுதுங்கள்.

தினமும் வேண்டியது மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறதா? நாள்தோறும் செய்யும் மூன்று நான்கு வேலைகளை எடுத்து அடிப்பட்டையில் வையுங்கள். 2013இல் கைபேசித் திரை வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் பொது இடங்களில் 1,333 முறை மக்களைக் கவனித்தபோது, திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பேசியைப் பிடித்திருந்தார்கள். பேசிகள் அதன்பின் இன்னும் உயரமாகிவிட்டன. மேல் மூலை கட்டைவிரலுக்கு எட்டாத ஊர்.

ஒரே திரையில் எத்தனை வேலைகள்? முகப்பில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தால், ஒரு மாதத்தில் எவை தொடப்பட்டன என்ற கணக்கை எடுத்து, தொடப்படாதவற்றை உள்ளே தள்ளுங்கள். கணக்கு இல்லையென்றால் முதலில் அதை எடுக்கத் தொடங்குங்கள். ஊகத்தில் கட்டங்களை நகர்த்தினால், பழகிய இடத்தைத் தேடிவந்த விரல்களும் வழி தவறும்.

எப்போது நிபுணரை அழைப்பது: பெயர் எழுதி, அடிப்பட்டைக்குக் கொண்டுவந்து, கட்டங்களைக் குறைத்த பிறகும் ஐந்து பயனர்களில் மூவர் அன்றாட வேலையொன்றைத் துணையின்றி முடிக்கவில்லை என்றால், கோளாறு திரையில் இல்லை, வேலையின் ஒழுங்கில் இருக்கிறது. கள ஆய்வு செய்யத் தெரிந்த வடிவமைப்பாளர் தேவை. செலவும் காலமும் ஆகும். அவரிடம் போகும்போது "ஆப் கஷ்டமா இருக்காம்" என்ற வாய்மொழிப் புகாரோடு போகாதீர்கள். பேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டு பதிப்பு, எழுத்தளவு அமைப்பு, பயனர் தடுமாறும் திரைப் பதிவு இரண்டு அல்லது மூன்று, இந்த வரிசையில் நீங்கள் ஏற்கெனவே மாற்றிப் பார்த்தவற்றின் பட்டியல், இவ்வளவையும் கையில் கொடுத்தால் அவருடைய முதல் வாரக் கட்டணம் மிச்சம்.